அரசர் வரிசையும் கொடுமணலும்: கொங்கு வரலாற்றெழுத்து குறித்து ஒரு மதிப்பீடு

கொங்கு நாட்டின் பழங்கால வரலாறு பெரும்பாலும் அரசர்களின் வரிசையாகவே எழுதப்பட்டுள்ளது. எம். ஆரோக்கியசாமி ஆங்கிலத்தில் எழுதி 1956இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'தி கொங்கு கன்ட்ரி', மயிலை சீனி. வேங்கடசாமியின் 'கொங்குநாட்டு வரலாறு' ஆகிய இரண்டும் இத்துறையின் முன்னோடி நூல்கள். சிதறிக் கிடந்த செய்திகளைத் தொகுத்து, கொங்குக்குத் தனி வரலாறு உண்டு என நிறுவியது அவற்றின் பெரும் பங்களிப்பு. ஆனால் அவற்றின் சட்டகம் அரசகுலம் சார்ந்தது. யார் ஆண்டார், யாரை வென்றார், அடுத்து யார் வந்தார் என்பதே முதல் கேள்வி. வணிகமும் தொழிலும் அரசர் கதைக்குப் பின்னணியாகவே வருகின்றன.

இதற்காக அந்நூலாசிரியர்களைக் குறை கூற இயலாது. அவர்கள் எழுதியபோது கொடுமணலில் விரிவான அகழாய்வு நடக்கவில்லை. 1985க்குப் பின் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் அங்கு அகழ்ந்த பிறகும் அதே சட்டகத்தைத் தொடர்வதுதான் கேள்விக்குரியது.

மண் காட்டும் சமூகம்

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் உள்ளது கொடுமணல். இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் இங்குக் கிடைத்தன. கல்மணிகள் முழுமையாக மட்டுமன்றி அரைகுறையாகவும், செதுக்கிய சில்லுகளோடும் கிடைத்ததால், அவை இவ்வூரிலேயே செய்யப்பட்டவை என்பது உறுதி. பச்சைக்கல்லுக்குப் படியூரும், நீலக்கல்லுக்குச் சிவன்மலையும் அருகில் இருந்தன. சூதுபவளத்துக்கான மூலக்கல் குசராத்துப் பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. எல்லாக் கல்லறைகளிலும் இத்தகைய செல்வம் இல்லை. ஆகவே ஏற்றத்தாழ்வு தெளிவாகவே நிலவியது.

நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஆட்பெயர்கள். ஆதன், பண்ணன் போன்ற தமிழ்ப் பெயர்களோடு விஸாகி போன்ற வடபுலப் பெயர்களும் காணப்படுகின்றன. மெசொப்பொத்தேமியாவின் ஊருக்கு நகரில் கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் இறுதியில் எழுத்து, கோயில் போன்ற பெரு நிறுவனங்களின் கணக்குக்காக வளர்ந்தது. கொடுமணலில் அது புழங்கும் பானையில், உடையவரின் பெயராக நிற்கிறது. எழுத்தறிவு அரசவைக்குள் அடங்கியிருக்கவில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

சேரரின் இடம்

இங்கே ஒரு மறுப்பு எழும். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணத்தைக் குறிப்பிடுகின்றனர். எனவே இது 'சேரரின் தொழில்நகரம்' என்ற வழக்கு உருவானது. ஆனால் அப்பாடல்களில் கொடுமணம், அரிய அணிகலன்கள் கிடைக்கும் ஊராகவே வருகிறது. சேரர் அந்தக் கலன்களைப் பெற்றார்கள், அணிந்தார்கள், பரிசளித்தார்கள் என்பது வரை பாடல் செல்லும். பட்டறைகளை அவர்கள் நிறுவினார்கள் என்றோ நடத்தினார்கள் என்றோ பாடல் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நம் எழுத்தாளர்கள் கற்பனையால் நிரப்பிவிடுகிறார்கள்.

கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டுகளை இவ்விடத்தில் ஒப்பிடலாம். கோ ஆதன் செல்லிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ எனச் சேரரின் மூன்று தலைமுறைகள் அங்கே பதிவாகியுள்ளன. சமண முனிவருக்கு உறைவிடம் அமைத்த கொடை அது. அதே மலையில் கரூர்ப் பொன்வாணிகன் ஒருவனின் கொடையும் எழுதப்பட்டுள்ளது. அரசனும் வணிகனும் ஒரே பாறையில், ஒரே எழுத்தில், ஒரே வகைப் புண்ணியத்தைத் தேடுகின்றனர். அரசு இல்லாத சமூகம் என்று இதைச் சொல்ல முடியாது. கரூரில் கிடைத்த மாக்கோதை, கொல்லிரும்பொறை காசுகளே அதற்குச் சான்று. ஆனால் எல்லாவற்றையும் அரசே உண்டாக்கிய சமூகமாகவும் இது தெரியவில்லை.

மறுமுனையில் இன்னொரு பிழை உள்ளது. சங்ககாலத்தைக் கொள்ளையும் கொடையும் மட்டுமே கொண்ட குலத்தலைமைக் காலமாகக் காணும் ஆய்வாளர்கள், உள்ளூர்த் தொழிலின் ஆழத்தைக் குறைத்து மதிப்பிடுகின்றனர். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து உரோமை வெள்ளிக் காசுகள் ஐந்நூறுக்கும் மேல் இருந்தன. பச்சைக்கல் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கும் எனப் பிளினி எழுதினார். பாலக்காட்டுக் கணவாய்க்கும் கரூருக்கும் இடைப்பட்ட இந்த வழியில் சேர்ந்த செல்வத்தைப் போர்க்கொள்ளையாக மட்டும் விளக்க முடியாது.

வலுவும் வரம்பும்

கைவினைஞரை மையத்தில் வைக்கும் இந்தப் பார்வைக்கும் ஒரு கடினமான கேள்வி உண்டு. ஊர் தன் காலிலேயே நின்றதென்றால், கி.பி. முதல் சில நூற்றாண்டுகளுக்குப் பின் ஏன் மங்கியது? தொலைதூரச் சந்தையை நம்பிய தொழில், அச்சந்தை தளர்ந்தபோது தாங்கவில்லை என்பதே பொருத்தமான விடை. அரசனிடமிருந்து பெற்ற விடுதலை சந்தையிடமிருந்தும் பெற்ற விடுதலை ஆகாது. திருப்பூர் பின்னலாடையையும் கோவை ஆலைகளையும் அறிந்த இன்றைய கொங்கு வாசகருக்கு இது புரியாத செய்தியன்று.

கொங்கு வரலாறு என்ற பெயரில் இன்று வெளிவரும் எழுத்துகளில் ஒரு பகுதி, தத்தம் சமூகத்துக்குச் சங்ககால அரசனையோ வேளிரையோ முன்னோராகத் தேடுகிறது. அரசர் சட்டகம் அந்தத் தேடலுக்கு வசதியானது. பானை ஓட்டில் பெயர் எழுதியவரும், உலையூதியவரும், மணிக்குத் துளையிட்டவரும் அதில் யாருக்கும் முன்னோராவதில்லை. கொடுமணலைப் பற்றி இனி எழுதப்படும் எந்த நூலையும் அந்த மனிதர்களுக்கு அது எத்தனை பக்கம் ஒதுக்குகிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.