ரப்பர் பேண்டோடு மயிலாப்பூர் டிபன்

பல்லுக்குக் கிளிப் போட்டு, வரிசை ஓரளவு நேரானதும் டாக்டர் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையைக் கையில் கொடுப்பார். உள்ளே சுண்டுவிரலில்கூட நுழையாத 100 ரப்பர் பேண்டுகள். மேல் கோரைப்பல்லில் உள்ள கொக்கியில் ஒன்றை மாட்டி, கீழ்க் கடைவாய்ப்பல்லின் கொக்கி வரை இழுத்துவிட வேண்டும்; பக்கத்துக்கு ஒன்று. முன்பல் எடுப்பாக இருப்பவர்களுக்கு இந்தத் திசை. கீழ்த்தாடை முன்தள்ளி இருந்தால் திசை நேர்மாறு. கம்பி பல்லை வரிசைப்படுத்தும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று பொருந்திக் கடிக்க வைப்பது இந்த வளையம்தான்.

1890களிலேயே அமெரிக்காவில் கால்வின் கேஸ், ஹென்றி பேக்கர் போன்றவர்கள் கையாண்ட முறை இது. இன்றும் பெரும்பாலான பேண்டுகள் இயற்கை ரப்பரால் ஆனவை. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் மரத்தைக் கீறி வடிக்கிறார்களே, அதே பால். உறையின் மேல் 1/4 அங்குலம், 4.5 அவுன்ஸ் என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உள்விட்டம். அந்த விட்டத்தைப் போல மூன்று மடங்கு இழுத்தால் கிடைக்கும் விசை இரண்டாவது எண். அதாவது 6.35 மி.மீ. வளையத்தை 19 மி.மீ. வரை இழுத்தால் சுமார் 128 கிராம். பல்லை எலும்புக்குள் நகர்த்த அது போதும். ஆனால் அந்த இழுப்பு விட்டுவிட்டு இருந்தால் பல் சரியாக நகராது. அதனால்தான் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போடச் சொல்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சென்னைக்காரர் ஒரு நாளில் எத்தனை முறை வாயைத் திறக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். காலை ஃபில்டர் காபி, டிபன், மதியச் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி காபியோடு ஒரு வடை, இரவு டிபன். ஒவ்வொரு முறையும் கழற்றி, சாப்பிட்டு முடித்து, பேச்சு சுவாரசியத்தில் அரை மணி கழித்து மாட்டினால், இருக்கும் இரண்டு முதல் நான்கு மணி நேரச் சலுகையைத் தாண்டிவிடும். சாப்பிடும்போது கழற்றிவிட்டுப் புதிது மாட்டச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. பல் தேய்க்க மட்டும் கழற்றுங்கள் என்பவர்களும் உண்டு. தங்கள் டாக்டர் எந்தக் கட்சி என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. அவர் தடுக்காத வரை, டிபனுக்கு மாட்டியபடியே இருக்கலாம், இலைச் சாப்பாட்டுக்குக் கழற்றலாம் என்பதே நம் ஊர் சாப்பாட்டுக்குப் பொருந்தும் வழி.

மயிலாப்பூர் அருண்டேல் தெரு ராயர் மெஸ் இட்லி இந்தச் சோதனையில் எளிதாகத் தேறுகிறது. சின்ன விள்ளலாகப் பிய்த்து, கெட்டிச் சட்னியில் தொட்டு, முன்வாயில் வைத்தால் நாக்கே பாதி வேலையைப் பார்த்துவிடும். வாயைப் பெரிதாகத் திறக்கத் தேவையில்லை. ரப்பரும் பெரிதாக இழுபடாது. பொங்கலும் அப்படித்தான், மிளகை மட்டும் ஒதுக்க வேண்டும். தி.நகர் ஜி.என். செட்டி சாலை முருகன் இட்லிக் கடையிலும் இட்லி வரை கவலையில்லை. ஊத்தப்பத்தில் வெங்காயம் வளையத்தில் மாட்டிக்கொண்டு வர மறுக்கும். கற்பகாம்பாள் மெஸ் கீரை வடையை முழுசாகக் கடித்தால் வளையம் கொக்கியை விட்டுத் தெறித்து உள்கன்னத்தில் சுளீரென்று அடிக்கும். கையால் துண்டாக்கி, சாம்பாரில் ஊற வைத்தால் வழிக்கு வரும். பெசன்ட் நகர் கடற்கரை மிளகாய் பஜ்ஜியின் நீளம் இதற்கு ஒத்துவராது. முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு ஆகியவற்றுக்குப் பேண்டைக் கழற்றியும் பயனில்லை. அவை கிளிப்பையே பெயர்த்துவிடும்.

தெற்கு மாட வீதி காளத்தி கடை ரோஸ் மில்க் குடிக்க வளையம் ஒரு தடையே இல்லை. ஆனால் சர்க்கரை கிளிப்பைச் சுற்றித் தங்கினால் பல்லில் வெள்ளைத் திட்டு விழும். குடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

மாட்டுவதுதான் பழக வேண்டிய கலை. கையால் பிசைந்து சாப்பிடும் நமக்குக் குழம்பு வாசனை போகச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாய்க்குள் விரல் விட முடியாது. கை கழுவும் இடத்தில் பின்னால் வரிசை நிற்கும். கண்ணாடி இருந்தால் அதிர்ஷ்டம். முதலில் மேல் கொக்கியில் மாட்டி, ஆள்காட்டி விரல் நுனியில் வளையத்தைப் பிடித்தபடி பின்னுக்கு இழுத்து, தடவிப் பார்த்தே கீழ்க் கொக்கியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஈரக் கையில் வழுக்கும். இதற்கென்றே நுனியில் கொக்கி வைத்த பிளாஸ்டிக் குச்சியும் தருகிறார்கள். தொடக்கத்தில் அது பெரிய உதவி. சில வாரங்களில் விரலே போதும் என்றாகிவிடும்.

சாம்பார் மஞ்சள் இந்த வளையத்தை ஒன்றும் செய்யாது, எப்படியும் தூக்கிப்போடப் போவதுதான். ஒவ்வொரு கிளிப்பையும் கம்பியோடு கட்டியிருக்கும் குட்டி வளையங்கள்தான் மஞ்சளாகும். அடுத்த முறை மாற்றும் வரை அவை வாயிலேயே இருப்பவை. நிறமற்றதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது பளிச்சென்று தெரியும்.

மாட்டிய முதல் சில மணி நேரத்திலேயே இழுப்பு குறையத் தொடங்குவதால் நாளுக்கு இரண்டு, மூன்று முறை புதிது மாற்ற வேண்டும். மூன்று முறை என்றால் நாளுக்கு 6. ஒரு உறை 16 நாள் வரும். நேற்றுப் போடவில்லையே என்று இன்று இரட்டையாகப் போடுவது மிகத் தவறு. விசை கூடினால் வேகம் கூடாது. வலியும், பல்வேருக்குக் கேடும்தான் மிச்சம். கொக்கி இல்லாமல் வெறும் பல்லைச் சுற்றி மாட்டுவது அதைவிட ஆபத்து. வளையம் ஈறுக்கு அடியில் நழுவி எலும்பையே கரைத்துவிடும்.

எல்லோருக்கும் ஒரே வடிவமும் இல்லை. முன்பல்லில் பெட்டி வடிவில் மாட்டுபவர்களும், பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்குக் குறுக்கே மாட்டுபவர்களும் இட்லிக்குக்கூடக் கழற்ற வேண்டியிருக்கும். குறுக்கே போகும் வளையம் கடிக்கும் பரப்பிலேயே கிடப்பதால் மென்றால் அறுந்துவிடும். அறுந்த துண்டைத் தெரியாமல் விழுங்கினால் பொதுவாகக் கெடுதல் இல்லை, வெளியேறிவிடும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லேடெக்ஸ் இல்லாத வகை கிடைக்கிறது. அது இன்னும் சீக்கிரம் தளர்வதால் அடிக்கடி மாற்ற வேண்டும். உதடோ உள்கன்னமோ அரித்தால், வீங்கினால் உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் சொல்லி, அந்த வகையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.