ஆதித்த கரிகாலன் கொலையும் நந்தினி மீதான ஐயமும்: கல்வெட்டும் புதினமும்

முன்னுரை

சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் ஏறத்தாழ கி.பி. 969இல் கொல்லப்பட்டான். இக்கொலையைப் பற்றிப் பேசுவோர் நாவில் முதலில் எழும் பெயர் பழுவூர் இளையராணி நந்தினி. அவளோ கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தின் கற்பனைப் பாத்திரம். கற்பனைப் பெண்ணொருத்தி வரலாற்றுக் கொலையின் ஐயத்தைச் சுமக்க நேர்ந்தது எவ்வாறு, அதனால் மறைக்கப்பட்டது யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வெட்டுச் சான்று

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு உள்ளது. அது சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகிய உடன்பிறந்தோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. ‘இருமுடிச்சோழ’ என்னும் பட்டம் கொலையாளிகள் சோழ அரசின் அலுவல் வட்டத்துக்குள் இருந்தமையைக் காட்டுகிறது. அடுத்து அரியணையேறிய உத்தம சோழன்மீது நீலகண்ட சாஸ்திரியார் ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். இவ்விவாதத்தில் பெண் எவரும் குற்றவாளியாகச் சுட்டப்படவில்லை.

எனினும் அக்கல்வெட்டில் பெண்கள் உள்ளனர். துரோகிகளோடு அவர்தம் உடன்பிறந்த பெண்களை மணந்தோர், பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார் ஆகியோரின் உடைமைகளும் பறிமுதலுக்கு உரியனவாயின. தண்டனை ஒரு குடும்பத்திலிருந்து மற்றொரு குடும்பத்துக்குப் பரவும் வழியாகவே பெண் இங்குக் குறிக்கப்படுகிறாள். குற்றம் அவளுக்கு இல்லை. இழப்பு மட்டும் உண்டு.

புதினத்தின் மாற்றம்

கல்கி இரவிதாசனைப் பாண்டியனின் ஆபத்துதவியாக்குகிறார். வீரபாண்டியன் தலையைக் கொய்த கரிகாலன்மீதான வஞ்சினத்தை நந்தினியிடம் ஒப்படைக்கிறார். இவ்விரு மாற்றங்களால் அரசவைக்குள் எழவேண்டிய ஐயம் வெளிப்பகைக்கும், அரசியல் காரணம் ஒரு பெண்ணின் உள்ளத்துக்கும் இடம் பெயர்கின்றன.

ஆயினும் கல்கி அவளைக் கொலையாளி என்று தீர்த்துரைக்கவில்லை. கடம்பூர் மாளிகையில், அவளது அறையில், இருளில் கரிகாலன் வீழ்கிறான். வந்தியத்தேவன்மீது பழி விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் பின்னர் அப்பழியைத் தாமே ஏற்கிறார். எவர் கை என்பது ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லப்படவில்லை. வரலாற்றின் தெளிவின்மையைக் கதைக்குள்ளும் காத்த இந்நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் கொலையாளியை மறைக்கும் இருள் நந்தினியின் நோக்கத்தை மறைப்பதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களில் அவளது வஞ்சினத்தைக் கண்ட வாசகர், கைக்கு விடை கிடைக்காதபோது நோக்கத்தையே விடையாகக் கொள்கின்றனர். ஐயம் அவள்மீது நிலைபெறுவது இவ்வாறே.

முடிவுரை

கற்பனைப் பாத்திரம் படைப்பது புதின ஆசிரியரின் உரிமை. அதனைக் குறையெனல் பொருந்தாது. ஆனால் அப்பாத்திரத்தையே வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வாசிப்பு இரண்டு இழப்புகளை விளைவிக்கிறது. சோழ அரசவையை நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போகிறது. இல்லாத ஒருத்தியின் குற்றம் நினைவில் நிற்க, தாம் செய்யாத குற்றத்திற்காகக் குடும்ப உடைமையை இழந்த பெண்கள் மறக்கப்படுகின்றனர். புதினத்தைச் சுவைத்தபின் உடையார்குடிக் கல்வெட்டையும் படிப்பதே இரண்டிற்கும் நீதி செய்வதாகும்.