தராசும் தேங்காய்ப்பூவும்

ஒரு புறம் புத்தளம் களப்பும் மறு புறம் பெருங்கடலும் சூழ, நடுவே தென்னந்தோப்புகளும் வெங்காயத் தோட்டங்களும் பரந்துகிடக்கும் எங்கள் கற்பிட்டிப் பகுதியில், தராசு என்பது கருவாட்டு வாடிக்கும் மரக்கறிச் சந்தைக்கும் உரிய சாதனம். அடுப்படிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இருந்ததில்லை. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நியாயம் காக்கத் தராசு வேண்டும், உண்பவனுக்கும் அவன் வயிற்றுக்கும் இடையே எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் பலர். சீனி வருத்தம் இல்லாத வீடு அருகிவரும் இக்காலத்தில் அக்கேள்விக்குப் பிரத்தியட்சமான விடை காணவேண்டும் என்ற எண்ணத்தினால், டிஜிட்டல் சமையல் தராசு ஒன்றையும், கைத்தொலைபேசியில் இயங்கும் கலோரிக் கணக்குச் செயலி ஒன்றையும் சில மாதங்கள் எங்கள் வீட்டில் நித்திய உபயோகத்தில் வைத்துப் பரீட்சித்தேன்.

முதலில் தராசைச் சொல்கிறேன்; இரண்டில் அதுவே மேலான சாதனம். கண்ணாடித் தளமும் இரு பொத்தான்களும் கொண்டு, ஒரு பாடப்புத்தகத்தின் அளவே உள்ள இது, ஐந்து கிலோ வரை தாங்குகிறது, ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டுகிறது. இதன் சிறப்பெல்லாம் 'டேர்' என்று பொறித்த பொத்தானில் அடங்கியிருக்கிறது. வெறும் சட்டியைத் தளத்தில் வைத்து அதை அமுக்கினால் எண் பூச்சியமாகிறது. வெங்காயத்தைப் போட்டால் வெங்காயத்தின் நிறை மட்டும் தெரிகிறது. மறுபடியும் அமுக்கிவிட்டு இறாலைப் போட்டால் இறாலின் நிறை. ஆகவே ஒரு கறிக்கு வேண்டியவற்றையெல்லாம், பாத்திரம் மாற்றாமலும் கூட்டிக் கழிக்காமலும், ஒரே சட்டியில் வரிசையாக நிறுத்துவிடலாம்.

குறைகள் இரண்டு கண்டேன். சிறிது நேரம் தொடாதிருந்தால் இது தானாக அணைந்துபோகிறது. தேங்காய்ப்பூவைப் பிழிந்து கை கழுவி வருவதற்குள் சட்டியின் நிறையை மறந்துவிடுகிறது. சீனி போன்றதைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தூவினாலோ, எண் அசையாமலே நிற்கிறது. மலிவான தராசுகள் மெல்லிய அசைவுகளைத் தூசியென்றும் காற்றென்றும் கருதிப் பூச்சியத்திலேயே தங்களை இருத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். சீனிப் போத்தலையே தளத்தில் வைத்து, பூச்சியமாக்கி, வேண்டியதை எடுத்தபின் குறைந்த எண்ணைப் பார்ப்பதுதான் பரிகாரம்.

செயலிகளில் உலகப் பிரசித்தி பெற்றது மைபிட்னஸ்பால். 2005-ல் அமெரிக்காவில் லீ சகோதரர்கள் இருவர் தொடங்கிய அது, 2015-ல் 47 கோடி 50 லட்சம் டொலருக்கு விலைபோயிற்று. ஒருவன் தான் தின்றதைத் தானே எழுதிவைக்கும் சாதாரணமான பழக்கத்துக்கு இத்தனை கிராக்கி இருக்கிறது என்பதே யோசிக்கத்தக்கது. பொதியிலுள்ள கோடுகளைப் படக்கருவியால் படிக்கும் வசதியை அது 2022 முதல் கட்டணத்துக்கு உரியதாக்கிவிட்டது. உறுதியான அட்டவணைகளிலிருந்து எண்களை எடுத்துத் தரும் குரோனோமீற்றரும், இந்திய உணவுகளில் தேர்ந்த ஹெல்தஃபைமீயும் வேறிரண்டு. நான் இறக்கிக்கொண்ட இலவசச் செயலியின் பெயரை இங்கே சொல்லவில்லை. கீழே கூறப்போகும் இயல்புகள் இவ்வினத்தில் பலவற்றுக்கும் பொதுவானவை.

கலோரி என்று நாம் வழக்கில் சொல்வது, ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்தப் போதுமான சக்தி. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்து வில்பர் அட்வாட்டர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மனிதர்களைக் காற்றுப் புகாத அறையொன்றில் இருத்தி, அவர்கள் உண்டதையும் விட்ட மூச்சையும் வெளியிட்ட வெப்பத்தையும் நுணுகி அளந்து, ஒரு கிராம் மாச்சத்துக்கும் புரதத்துக்கும் நான்கு, கொழுப்புக்கு ஒன்பது என்று கண்ட பிரமாணமே இன்றைக்கும் ஒவ்வொரு செயலிக்கும் அடித்தளமாக இருந்துவருகிறது. அந்த ஒன்பது என்ற எண்ணை, தென்னையை நம்பி வாழும் நாட்டார் மறக்கலாகாது.

கணக்கு எழுதத் தொடங்கியதும் முதலில் புலப்பட்டது சோறு அன்று, தேத்தண்ணீர். ஒரு கிளாஸ் பால்தேத்தண்ணீருக்கு எங்கள் வீட்டில் விழும் சீனி 14 கிராம், பால்மா 15 கிராம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 130 கலோரி. விடியலில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, யாரேனும் வந்தால் அவர்களோடு ஒன்று என நான்கு கிளாஸ் போனால் 520 கலோரி ஆகிறது. மத்தியானம் என் பீங்கானில் விழும் வெள்ளைச் சோற்றை நிறுத்தபோது 420 கிராம் இருந்தது. அதற்குச் செயலி சொன்ன கணக்கு 546. உணவென்று எவரும் எண்ணாத தேத்தண்ணீர், ஒரு வேளைச் சோற்றுக்கு ஏறத்தாழச் சமமாக நிற்பதைக் கண்டபோது நெடுநேரம் அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலி 'ஒரு கோப்பை' என்று குறிப்பது 158 கிராம் சோறு. தராசு இல்லாமல் கண்மதிப்பாக 'ஒரு கோப்பை' என்று எழுதிவருபவன், உண்டதில் பாதிக்கும் குறைவையே பதிவு செய்துவிட்டுத் தன் சரீரம் ஏன் இளைக்கவில்லை என்று வருந்திக்கொண்டிருப்பான்.

இது வெறும் ஊகமன்று. 1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், எவ்வளவு குறைத்து உண்டாலும் எடை குறையவில்லை என்று முறையிட்டவர்களை, உடல் செலவிடும் சக்தியை ஐயமின்றிக் காட்டும் விசேஷ நீரைப் பருகச்செய்து சோதித்தார்கள். அவர்களுடைய சரீரத்தில் விபரீதம் எதுவும் இல்லை. உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தார்கள் என்பதே முடிவு. அவர்களைப் பொய்யர் என்று கொள்வது அநியாயம். வயிறு நிறைவை உணருமேயன்றி நிறையை உணராது.

இனி தேங்காய். குருநாகல், புத்தளம், கம்பஹா ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த தென்னை முக்கோணத்தில், லுணுவிலவில் 1929 முதல் தென்னைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் இம்மாவட்டத்தில், தேங்காயில்லாத அடுப்பைக் காண்பது அரிது. இடியப்பத்துக்குச் சம்பலும் சொதியும், பிட்டுக்குள் தேங்காய்ப்பூ, ரொட்டி மாவில் தேங்காய்ப்பூ, பருப்பிலும் மீனிலும் பால், பொரியலுக்கு எண்ணெய். நூறு கிராம் தேங்காய்ப்பூவில் 354 கலோரி இருக்கிறது. உரித்த இறால் நூறு கிராமில் இருப்பதோ நூறுக்கும் குறைவு. இருநூறு கிராம் இறாலை இருநூறு கிராம் தேங்காய்ப்பாலில் ஆக்கினால், இறாலால் வருவது இருநூறுக்கு உட்பட்டதே; பாலால் வருவது ஏறக்குறைய 460. இக்கரையில் வாழும் நாம் மீனையும் இறாலையும் நினைத்து அஞ்சவேண்டியதே இல்லை.

பொரித்த கருவாட்டின் விஷயமும் இதுவே. தாச்சியை எண்ணெயோடு நிறுத்து, பொரித்து எடுத்தபின் ஆறவைத்து மறுபடியும் நிறுத்தேன். குறைந்திருந்தது 25 கிராம். அதாவது கருவாட்டோடு நாங்கள் உண்டது இருநூற்றிருபது கலோரிக்குக் குறையாத தேங்காயெண்ணெய். கருவாட்டைச் சேர்க்காமல் எண்ணெய்த் தாச்சியை மட்டும் நிறுத்ததால், குறைந்ததெல்லாம் எண்ணெய் என்றே கொள்ளலாம்.

செயலி தளர்ந்து நிற்பதும் தேங்காயினிடத்தில்தான். 'தேங்காய்ப்பால்' என்று தேடினால், தகரப்பால், பெட்டியில் விற்கும் நீர்த்த பானம், கட்டிப்பால் என்று ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும் எண்கள் வந்து குவிகின்றன. முதற்பால், இரண்டாம் பால் என்ற பேதம் அதற்குத் தெரியாது. எவ்வளவு தண்ணீர் விட்டுப் பிழிந்தோம், சக்கையில் எவ்வளவு கொழுப்பு தங்கிற்று என்பவை எந்த அட்டவணையிலும் இல்லை. 'மீன் கறி' என்று யாரோ எங்கிருந்தோ எழுதிவைத்த பதிவை எடுத்துக்கொள்வது பயனற்றது. உள்ளூர்ப் பிஸ்கற்றுப் பொதியின் கோடுகளைக் காட்டினால், 479 என்று தொடங்கும் இலங்கை எண்களில் பலவற்றை அது அறியாமல் விழிக்கிறது. இக்குறை தீர வழி உண்டு. ஐதராபாத்துத் தேசியப் போஷாக்கு நிறுவனம் 2017-ல் இந்திய உணவுகளுக்கு வெளியிட்ட விரிவான அட்டவணையும், நம் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் 2021-ல் இலங்கை உணவுகளுக்கு வெளியிட்ட அட்டவணையும் இருக்கின்றன. செயலிகளைச் செய்பவர்கள் இவற்றை உள்ளே சேர்த்துக்கொண்டால், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் உண்ணும் உணவுக்கு ஓரளவு நியாயம் பிறக்கும். அதுவரை செயலியை ஒரு கணக்குப் புத்தகமாக மட்டும் கொண்டு, அரிசி, மாவு, தேங்காய், எண்ணெய், சீனி என்று மூலப்பொருள்களை நிறுத்து நாமே எழுதுவது ஒன்றே உசிதம்.

அப்படி எழுதத் தொடங்கியபோதுதான், இப்பரீட்சையில் நான் மிகப் பெரிதாக மதிக்கும் விஷயம் வெளிப்பட்டது. எங்கள் வீட்டில் சமைப்பவள் என் அக்கா. தராசைக் கண்ட முதல் நாளே, "கைக்கு ஒரு கணக்கு இருக்கு, தம்பி. அதுக்கு மேல இது என்ன சொல்லப் போகுது?" என்று கேட்டாள். சம்பலுக்காகத் திருவிவைத்திருந்த தேங்காய்ப்பூவை, வழக்கம்போலவே ஒவ்வொரு பிடியாக எடுத்துத் தளத்தில் வைக்கச் சொன்னேன். 58 கிராம், அடுத்த பிடி 61, அதற்கடுத்தது 60. வேறு தேங்காய், வேறு நாள், அவசரமான காலை வேளை என்று எப்படிச் சோதித்தாலும் அந்தக் கை இரண்டு மூன்று கிராமுக்கு மேல் பிசகவே இல்லை. பல ஆண்டுகள் அடுப்படியில் பழகிய கை, ஒரு சாதனத்துக்கு ஒப்பாக அளக்கிறது என்பதை அந்தச் சாதனமே நிரூபித்தது. அன்றுமுதல் செயலியில் 'அக்காவின் ஒரு பிடி, 60 கிராம், 212 கலோரி' என்று ஓர் அலகையே படைத்துக்கொண்டேன். பிட்டுக்கு எத்தனை பிடி, சொதிக்கு எத்தனை பிடி என்று கேட்டு எழுதினால் போதும், தினந்தினம் நிறுக்கவேண்டியதில்லை. சம்பலில் ஒரு பிடி குறைத்து, அந்த இடத்தில் வெங்காயத்தையும் மாசியையும் கூட்டினாள்; சுவை குன்றவில்லை.

இத்தகைய செயலியைப் பிறநாட்டார் தங்கள் பழக்கத்தை எண்ணிச் செய்திருப்பதால், அது நாளைக் காலை, மதியம், இரவு என்று மூன்றாகப் பிரித்துவைத்திருக்கிறது. நள்ளிரவு கடந்து வள்ளம் தள்ளி, வெயிலேறியபின் கரை திரும்பும், எங்கள் மாவட்டத்து உடப்பு ஊர்க் கடற்றொழிலாளிக்கு எது காலை, எது இரவு? பெட்டிகளின் பெயரை மாற்றிக்கொள்ளும் வசதி சில செயலிகளில் உண்டு. நான் பார்த்ததில் இல்லை.

செயலியாலும் தராசாலும் அறவே இயலாததும் ஒன்று உண்டு. புத்தளத்து முஸ்லிம் கலியாண வீடுகளில், ஒரு பெரிய சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, ஒரே தட்டிலிருந்து உண்ணும் வழக்கம் இன்றும் சிறப்பாக நடைபெறுகிறது. நல்ல இறைச்சித் துண்டைப் பக்கத்திலிருப்பவர் என் பக்கம் தள்ளுகிறார், நான் மற்றொருவர் பக்கம் தள்ளுகிறேன்; எவர் எவ்வளவு உண்டார் என்பது எவருக்கும் தெரிவதில்லை. அங்கே கைத்தொலைபேசியை எடுத்து எண்ணுவது, அந்த உபசாரத்தையே அவமதிப்பதாகும். அத்தகைய நாளை எண்ணாமல் விட்டுவிடுவதே சரியென்று கருதுகிறேன். வெற்றாக இருக்கும் நாளைச் செயலி ஒரு குறைபாடாகக் காட்டி நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவித்தலை நிறுத்திவைப்பது நலம்.

கலோரியின் எண்ணே இறுதியான உண்மை என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில் பயின்ற சுதைர் ஜேம்ஸ் என்ற மாணவரும், அவருடைய ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவும், கொதிநீரில் தேங்காயெண்ணெய் விட்டுச் சோறாக்கிப் பன்னிரண்டு மணி நேரம் குளிரவைத்தால், எளிதில் செரிக்காத மாச்சத்து பெருகுகிறது என்று 2015-ல் அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் அறிவித்தார்கள். அந்த ஆய்வு எந்த அளவுக்கு நம் சரீரத்தில் பலிக்கும் என்பதை மேலும் சோதித்தே தெளியவேண்டுமாயினும், சுடுசோற்றையும் இரவு மிஞ்சிய சோற்றையும் ஒரே எண்ணால் குறிக்கும் செயலி, சோற்றைப் பற்றிய முழு உண்மையையும் சொல்லவில்லை என்பது தெளிவு.

வளரும் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், உணவைக் கண்டாலே அஞ்சும் மனநிலை உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்கலாம். மற்றவர்களுக்கு, இரண்டில் ஒன்றைத்தான் கொள்ளமுடியும் என்றால் தராசை வாங்கும்படியே சொல்வேன். கணக்கை ஒரு கொப்பியிலும் எழுதலாம். வாங்கும்போது ஐந்து கிலோ தாங்குகிறதா, ஒரு கிராம் காட்டுகிறதா, பெரிய சட்டியை வைத்தால் எண்கள் மறையாமல் தெரிகின்றனவா என்று கடையிலேயே வைத்துப் பார்க்கவேண்டும். காசு வடிவிலான சின்னப் பெற்றரி போடுவதைத் தவிர்த்து, சுவர் மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற உருளைப் பெற்றரி கொள்வதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அது எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது.