இணையவழிக் கற்றலும் அறிவின் உடைமையும்

இணையம் அறிவைப் பொதுவுடைமையாக்கிவிட்டது என்னும் கருத்து இன்று பரவலாக நிலவுகிறது. கருவியை மாத்திரம் நோக்குவோர்க்கு இஃது உண்மையாகத் தோன்றலாம். ஆயின், அறிவைப் பகிர்வோர் குறிப்பிட்ட சமூக உறவுகளுள் வாழும் மனிதர் என்பதை மனங்கொண்டால், வினா வேறாகிவிடுகிறது. நூல் எல்லார்க்கும் கிட்டிய பின்னரும் கேட்கும் உரிமையும் கொடுக்கும் மனமும் எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றன?

யாழ்ப்பாண வரலாறு இதற்கு விடை தருகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் நூல்களை அச்சேற்றியமை, சுவடி உடையோர்க்கே கல்வி என்ற நிலையைத் தளர்த்திற்று. பள்ளியின் வாயில் அதனால் எல்லார்க்கும் திறந்துவிடவில்லை. உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்பது 1930ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தபோது, அதனை எதிர்த்தோர் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். கருவி மாறிய வேகத்தில் உறவுகள் மாறவில்லை.

2005இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் விலையின்றி வழங்கிவருகிறது. சாதி இழிவுக்கு முகங்கொடுத்துப் பள்ளிப்படிப்பை இடைநிறுத்திய டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’யின் இதழ்களை இன்று எவரும் அங்கு வாசிக்கலாம். இலாபநோக்கற்ற கூட்டுழைப்பின் விளைவான இச்சாதனையை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

எனினும், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்கு மாறியபோது, ஆசிரியர் பேச மாணவர் மௌனம் காக்கும் பழைய வகுப்பறையே பெரிதும் அங்கும் தொடர்ந்தது. இம்மௌனத்தை ‘ஆசியப் பண்பாடு’ என்னும் தொடரால் விளக்கிவிடுவோர் உளர். அவ்விளக்கம் அரைகுறையானது. ஆசிரியரை எதிர்வினாவுதல் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் உண்டுதான். ஆனால் பல்கலைக்கழக இடங்களோ மிகச் சில. பல துறைகளில் அவற்றுட் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையில் ஒதுக்கப்படுகிறது. ஆகவே, இசட் புள்ளிக்காக உழைக்கும் மாணவனுக்கு அருகில் இருக்கும் தோழனே போட்டியாளனாகிறான். ரியூட்டரிகள் பாடக்குறிப்பைப் பண்டமாக்கிவிட்ட சூழலில், அதனை இலவசமாகக் கொடுப்பவன் தன் இடத்தையே கொடுப்பதாக அஞ்சுகிறான். பண்பாடு எனப்படுவது இங்குப் பற்றாக்குறையின் கருத்துநிலை வடிவமே.

எனவே, கருவிகளை வழங்குவதோடு கல்விச் சீர்திருத்தம் நிறைவுறாது. கூட்டாகக் கற்பதற்கும் மதிப்பளிக்கும் பரீட்சை முறையும், உயர்கல்வி வாய்ப்புகளின் விரிவும், சாதி மேலாண்மைக்கு எதிரான இடையறாத போராட்டமும் இணையாவிடின், இணையம் பழைய உடைமையுறவுகளுக்குப் புதியதோர் ஊடகமாகவே எஞ்சும்.