உரைத்த கொள்கையும் உறைந்த கொள்கையும்

விஞ்ஞானக் கொள்கை இருவகைத்து என்பது ஆசெந்தீன அறிஞர் அமில்கார் எரேரா 1972இல் வெளியிட்ட கட்டுரையின் துணிபு. அரசு சட்டத்திலும் திட்டத்திலும் உரைப்பது ஒன்று. உரைக்கப்படாது உறைந்துநின்று ஆராய்ச்சியின் போக்கை உண்மையில் நிருணயிப்பது மற்றொன்று. பின்னதற்கு ஆளும் வகுப்பாரின் நலனையே அவர் மூலமாகக் காட்டுவர்.

இது முழுதும் பொருந்துமாயின், வளர்முக நாடுகள் தம் அனுபவத்தைப் பகிர்வதால் விளையும் பயன் சிறிதே. தந்நலங் காப்போர்க்கு அயலார் படிப்பினை மருந்தாகாது. ஆயின், 1973 முதல் 1976 வரை இந்தியா, எகிப்து, பெரு உள்ளிட்ட 10 நாடுகளின் ஆய்வாளர் தத்தம் கொள்கைக் கருவிகளை ஒப்புநோக்கினர். பிரான்சிஸ்கோ சகாஸ்தி ஒருங்கிணைத்த அம்முயற்சி, எரேராவின் பாகுபாட்டைத் தொழிற்றுறை விதிகளுக்கும் விரித்தது. ஆராய்ச்சியை வளர்ப்போம் என்னும் அரசே அயல்நாட்டுப் பொறிகளுக்கு வரிச்சலுகை அளித்தல், தந்நலத்தாலன்றி அறியாமையாலும் நிகழக்கூடும். அவ்வறியாமையை நீக்க அயலார் அனுபவம் வல்லது. எனவே, பகிரத்தக்கவை அழகிய அறிக்கைகளல்ல. உரைத்ததற்கும் நடந்ததற்கும் இடைப்பட்ட வேறுபாடுகளே.