தொடக்கூடாத ஸ்பேஸ்

இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஓர் அனிமேஷன் எழுதுகிறோம். அது தொடங்கும் இடத்துக்கு ‘ஃப்ரம்’ என்றும், முடியும் இடத்துக்கு ‘100%’ என்றும் போடுகிறோம். ஃபைலைச் சிறிதாக்க அதை மினிஃபை செய்யும் கருவி இரண்டையும் சும்மா விடாது. ‘ஃப்ரம்’ ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. அதே வேலையை ‘0%’ இரண்டில் முடித்துவிடும். எனவே சொல் போய் எண் வருகிறது. முடிவிலோ எல்லாம் தலைகீழ். ‘100%’ நான்கு எழுத்து, ‘டு’ இரண்டு. அங்கே எண் போய்ச் சொல் வருகிறது. இந்தக் கஞ்சத்தனத்தின் மேல் எனக்குத் தீராத மயக்கம் உண்டு.

ஸ்பேஸ், வரி முறிவு, கமெண்ட், கடைசி செமிகோலன் ஆகியவற்றைக் கழிப்பதுதான் மினிஃபை என்று பலரும் நினைக்கிறார்கள். அது கூலி வேலை. ருசி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வெள்ளைக்கு ‘வைட்’ என்று ஐந்து எழுத்து எதற்கு? ஹாஷும் மூன்று எஃப்பும் போதும். சிவப்புக்கு அந்த முறையில் நான்கு ஆகும், ‘ரெட்’ என்றால் மூன்றுதான்; ஆகவே சிவப்பு தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது. ‘போல்ட்’ 700 ஆகிவிடும். ‘டிரான்ஸ்பேரன்ட்’ என்ற பதினோரு எழுத்து, ஹாஷும் நான்கு சைபருமாக ஒடுங்கிவிடும்.

ஆனால் கைதேர்ந்த கருவியின் லட்சணம் அது விட்டுவைத்ததில் தெரியும். நூறு சதவீத அகலத்தில் இருபது பிக்சல் கழி என்று ‘கால்க்’ வழியாகச் சொல்லும்போது, கழித்தல் குறிக்கு இருபுறமும் ஸ்பேஸ் இருந்தே ஆக வேண்டும். எடுத்துவிட்டால், கழித்தல் குறி இருபதோடு ஒட்டிக்கொண்டு ‘மைனஸ் இருபது’ ஆகிவிடும். பிரவுசர் அந்த வரியையே தள்ளிவிடும், பக்கத்தில் எந்தப் புகாரும் சொல்லாது. சைபரும் அப்படித்தான். நீளமாக இருந்தால் சைபருக்குப் பின்னுள்ள ‘பிஎக்ஸ்’ஸைக் கழற்றலாம், நேரமாக இருந்தால் ‘எஸ்’ஸைத் தொடக்கூடாது. ஒரே சைபர், இரண்டு சட்டம்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் சங்கதி ஒன்று உண்டு. 2000இல் மேக் கணினிக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5க்கு ஒரு கோளாறு. கமெண்டை மூடும் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு இருந்தால், கமெண்ட் மூடியதே அதற்குத் தெரியாது. அடுத்த கமெண்ட் முடியும்வரை வரும் விதிகளையெல்லாம் கமெண்ட் என்று எண்ணித் தாண்டிப் போகும். டிசைனர்கள் விடுவார்களா? அந்தக் கிழட்டு பிரவுசருக்குக் காட்டக்கூடாத விதிகளை இந்த இரண்டு கமெண்ட்டுகளுக்கு நடுவே ஒளித்துவைத்தார்கள். வெறும் கமெண்ட்தானே என்று கருவி துடைத்தெறிந்தால் வேலை கெட்டது. யாஹூவின் ஒய்யுஐ கம்ப்ரெஸர் அந்த ஜோடியை மட்டும் அடையாளம் கண்டு விட்டுவைத்தது. அர்த்தமில்லாத இடத்தில் அர்த்தம் இருக்கிறது என்று ஒரு புரோகிராமுக்குச் சொல்லிவைக்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

சரி, இத்தனை சாமர்த்தியத்தால் லாபம் எவ்வளவு? பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பின் மூன்றாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். விரித்து எழுதிய ஸ்டைல்ஷீட், அதாவது சிஎஸ்எஸ் ஃபைல், ஏறக்குறைய 145 கேபி. மினிஃபை செய்தால் 120 சொச்சம். அதை ஜிஸிப் என்ற முறையில் சுருக்கி அனுப்பினால் சுமார் 20. பெரிய வெட்டு ஜிஸிப்புடையது. ஒருமுறை வந்தது 32 கேபி தூரத்துக்குள் திரும்பி வந்தால், இத்தனை எழுத்துப் பின்னால் போய் இவ்வளவு நீளம் எடுத்துக்கொள் என்று அது சின்னக் குறிப்பு எழுதிவைத்துவிடும். ஸ்டைல்ஷீட்டோ, சொன்னதையே சொல்லும் சுபாவம் கொண்டது. வரிக்கு வரி முன்னால் நிற்கும் ஸ்பேஸ்கள் அதற்கு அவல்பொரி. விரித்து எழுதிய ஃபைலையே நேராக ஜிஸிப் செய்தாலும் கூடுதலாக ஆவது சில கேபிதான்.

இது தெரிந்தும் சிலர் கையாலேயே நெருக்கி எழுதுகிறார்கள். ஒரு விதிக்கு ஒரு வரி, கமெண்ட் கிடையாது, கிளாஸ் பெயர்கள் இரண்டெழுத்து. இவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கருவி ஒரு நொடியில் செய்யும் கூலி வேலையைத் தாங்கள் இழுத்துப்போட்டுக்கொண்டு, கருவியால் ஒருநாளும் செய்ய முடியாததைக் கைவிடுகிறார்கள். 2003இல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளத்தில் எச்டிஎம்எல் ஒன்றுதான், ஸ்டைல்ஷீட் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அழகைப் பார்த்து மலைத்தவர்கள், அடுத்து அந்த ஸ்டைல்ஷீட்டைத் திறந்து படித்தார்கள். ஒரு தலைமுறை தொழில் கற்றது அப்படித்தான். நெருக்கி எழுதியிருந்தால் யார் படித்திருப்பார்கள்?

ஃபைல் உண்மையில் பெருப்பது வேறு இடத்தில். எப்போதோ எடுத்துவிட்ட பேனருக்கான விதிகள், எது மேலே நிற்கும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸில் யாரோ அவசரத்தில் போட்ட 9999, அதை ஜெயிக்க இன்னொருவர் போட்ட 99999. க்ரோமின் கவரேஜ் பகுதி பயன்படாத விதிகளைச் சிவப்பில் காட்டத்தான் செய்கிறது. ஆனால் அது திறந்திருக்கும் பக்கத்துக்கு, இந்த நிமிடத்துக்கு மட்டும். பணம் கட்டும்போது தவறு நேர்ந்தால் மட்டும் எழும் பெட்டிக்கான விதியும் அதில் சிவப்பாகவே தெரியும். எது செத்தது, எது தூங்குகிறது என்று அதற்குத் தெரியாது. எழுதியவர் சொன்னால்தான் உண்டு. சொல்லவில்லையென்றால் எவரும் கைவைக்க மாட்டார்கள், ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். மினிஃபை முதலில் தூக்கியெறியும் கமெண்ட்தான் ஃபைலை உள்ளபடி மெலியவைக்கிறது. என் கட்சி இதுதான்.

சான்றுக்கு, பிரவுசர்களுக்கிடையிலான வித்தியாசங்களைச் சமன்செய்யும் நிக்கோலஸ் கேலகரின் நார்மலைஸ் சிஎஸ்எஸ்ஸைத் திறந்து பாருங்கள். மொத்தமே 6 கேபி போல. கமெண்ட்டும் இடைவெளியும் போனால் 2 கேபிகூடத் தேறாது. விதிக்கு விதி, இது எந்த பிரவுசரின் எந்தக் கோளாறுக்காக என்று எழுதியிருக்கிறது. சில வரிகளுக்கு அருகில் மேலேயுள்ள குறிப்பின் எண் மட்டும் நிற்கும், பத்தியம் எழுதிய மருந்துச் சீட்டைப் போல. 2018இல் எட்டாம் பதிப்பு வந்தபோது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9, அதற்கு முந்தியவை, ஆண்ட்ராய்டு 4, சஃபாரி 7 வரையிலானவை ஆகியவற்றுக்கான ஆதரவை நீக்கினார்கள். எந்த வரி யாருக்காக என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. அழிப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.