வாலில் தொங்கும் தண்ணீர்

ஃபோர்டு எஃப்53 சேஸிஸின் மேல் கட்டிய 34 அடி மோட்டார்ஹோம். 7.3 லிட்டர் வி8 எஞ்சின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். இந்த வகை வண்டிகளைக் கவனித்து வருபவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். 2020-இல் பழைய வி10-ஐக் கைவிட்டு இதற்கு மாறியது ஃபோர்டு செய்த நல்ல காரியம். மேட்டில் மூச்சு வாங்குவதில்லை. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் தாராளம். ஆனால் கலிஃபோர்னியாவில் சில வாரங்கள் இதிலேயே குடியிருந்து ஓட்டியபின் எனக்குப் பேச ஒன்றுதான் இருக்கிறது. இந்த வண்டி நேராகப் போவதில்லை.

பாம் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே, ஐ-10 நெடுஞ்சாலை சான் கொர்கோனியோ கணவாய்க்குள் நுழைகிறது. வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கும் இடம். அங்கே ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடிக்கவே முடியவில்லை. பெரிய டிரக் ஒன்று முந்தும்போது முதலில் நம்மை ஓரத்துக்குத் தள்ளுகிறது, பிறகு தன் பக்கம் இழுக்கிறது. திருப்பிச் சரிசெய்தால், சற்றுத் தாமதமாக வால் ஆடுகிறது. மறுபடி திருப்ப வேண்டும். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை இறுகிவிடுகிறது.

பழி சேஸிஸ் மேல் இல்லை. ஃபோர்டு தருவது எஞ்சினும் அச்சுகளும் பூட்டிய இரண்டு நீளச் சட்டங்களை. மேலே வீட்டைக் கட்டுவது வேறொரு நிறுவனம். இந்த வண்டியில் அச்சுக்கு அச்சு 228 அங்குலம், அதாவது 19 அடி. பாடி கட்டியவர் பின்னால் சட்டத்தை நீட்டி, பின் அச்சைத் தாண்டி சுமார் 11 அடி வாலைத் தொங்கவிட்டிருக்கிறார். அந்த வாலில், கட்டிலுக்குக் கீழே, 380 லிட்டர் தண்ணீர்த் தொட்டி! சாமான் அறைகளில் பெரியதும் அங்கேதான்.

கிணற்று ஏற்றத்தில் ஆள் பின்முனைக்கு நடந்தால் முன்முனை எழும்புமே, அதே கணக்கு. தொட்டியின் நடுப்பகுதி அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் இருக்கிறது. நிரப்பினால் பின் அச்சின் மேல் ஏறுவது 380 கிலோ அல்ல, சுமார் 510 கிலோ. அந்த 130 கிலோ வித்தியாசம் முன் அச்சிலிருந்து கழன்றது. வண்டியைத் திருப்ப வேண்டிய டயர்களே சாலையை இலேசாகத் தொடுகின்றன. டிரக் நிறுத்தத்து எடை மேடையில் தொட்டி நிரம்பியபோதும் காலியாக இருந்தபோதும் நிறுத்திப் பார்த்தேன். மேடைச் சீட்டு இந்தக் கணக்கையே சொன்னது.

தண்ணீரில் பெரும்பகுதியைத் திறந்துவிட்டு அதே கணவாயில் திரும்பி வந்தேன். காற்று குறையவில்லை, ஆனால் வண்டி பேச்சைக் கேட்டது. முன் டயரில் காற்றையும், பக்கவாட்டில் அச்சிட்ட முழுச்சுமை அளவில் வைக்காமல், மேடை காட்டிய எடைக்கு ஏற்ப டயர் நிறுவனத்தின் அட்டவணைப்படி குறைத்ததும் இன்னும் அமைதி. பின் அச்சு பக்கவாட்டில் நகராதபடி பிடிக்கும் குறுக்குக் கம்பியைத் தனியாக விற்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் புது வண்டிக்கு இத்தனை விலை கொடுத்தவர், நேராக ஓட்டுவதற்கு மேலும் செலவழிக்க வேண்டுமா?

எடையை ஒழுங்காக வைக்கத் தெரியாத தொழில் அல்ல இது. 1973 முதல் 1978 வரை வந்த ஜிஎம்சி மோட்டார்ஹோமைப் பாருங்கள்: எஞ்சினும் இழுவையும் முன்னால், பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவே பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்ட் இல்லாததால் தாழ்வான தளம். ஐம்பது வருடம் கழித்தும் அதைப் பார்த்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது. பின்பக்க எஞ்சின் டீசல் வண்டிகளிலும், வாலில் இருக்கும் எஞ்சின் பாரத்துக்கு ஈடாக ஜெனரேட்டரை மூக்கில் வைப்பது வழக்கம். அங்கே யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இங்கேயும் தொட்டியை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வைத்திருக்கலாம். இடம் இருந்தது, சாமான் அறை ஒன்றை விட்டுக்கொடுத்தால் போதும். விளம்பரப் புத்தகத்தில் சமையல் மேடையின் கல் வரை வர்ணித்தவர்கள், தொட்டி நிரம்பிய நிலையில் ஒவ்வொரு அச்சிலும் எத்தனை கிலோ என்று ஒரு வரி போடவில்லை. இது எனக்குப் பெரிய எரிச்சல். வாங்கப் போகிறவர் விலை பேசும் முன் தண்ணீரை நிரப்பச் சொல்லி, எடை மேடைக்கு ஓட்டிப் போகட்டும். விற்பவர் மறுத்தால், அந்த வண்டியை நான் வாங்கமாட்டேன்.